மீனுக்குக் கேட்காத சிறகு

புறா எழும்பினால் படபடவென்று கேட்கும். காகம் தலைக்கு மேலாகப் போனால் அதன் சிறகோசை காதில் விழும். ஆந்தை மட்டும் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆந்தையைப் பேயோடு சேர்த்துப் பேசும் வழக்கத்துக்கு அதன் அலறல் பாதிக் காரணம் என்றால், சத்தமில்லாத இந்தப் போக்குவரத்து மீதிக் காரணமாக இருக்கவேண்டும்.

ஆனால் கந்தளாய்க் குளக்கட்டில் பொழுதுபட்ட பிறகு நின்று பார்த்தால் இந்தக் கணக்குப் பிழைத்துப்போகும். கட்டோரத்து மருதமரத்தின் உள்கிளையிலிருந்து பெரிய ஆந்தை ஒன்று இறங்கி, நீரை ஒட்டிப் பறந்து போகும். அதன் சிறகடிப்பு நன்றாகவே கேட்கும். உடம்பு பெரிது, அதனால்தான் சத்தம் என்று சொல்லிவிட முடியாது. இதைவிடப் பெரிய ஆந்தைகள் இதைவிட அமைதியாகப் பறக்கின்றன. இந்த ஒன்று மட்டும் ஏன் சத்தம் போடுகிறது?

இதன் பெயர் மீன் ஆந்தை. தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் பூமன் ஆந்தை. உயரம் அரை மீற்றருக்குச் சற்று மேலே. தவிட்டு நிற உடம்பில் கரிய கோடுகள், மஞ்சள் கண்கள், தலையில் இரண்டு இறகுக் கொம்புகள். அந்தக் கொம்புகளுக்கும் காதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக மறைந்திருக்கவே அவை உதவுகின்றன என்பது பொதுவான கருத்து. துருக்கியின் தென்மலை ஆறுகள் தொடக்கம் சீனாவின் தென்பகுதி வரை இந்த இனம் பரவியிருக்கிறது. ஆனாலும் அறிவியற்பெயர் இலங்கைக்குத்தான் சொந்தம்: கெட்டுப்பா சிலோனென்சிஸ். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டன், இந்நாட்டுப் பறவைகளை ஓவியங்களாக வரைவித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1776இல் இலண்டனில் பீற்றர் பிரவுண் வெளியிட்ட விலங்கியல் நூலில் இலங்கையின் இந்தப் பெரிய கொம்பு ஆந்தை இடம்பெற்றது. ஜேர்மானியரான கிமெலின் 1788இல் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். நம் தீவில் இருப்பது இந்தியக் கிளையினத்தைவிடச் சற்றுச் சிறிது, நிறமும் கொஞ்சம் ஆழம்.

திருகோணமலை மாவட்டம் இதற்கு ஏற்ற இடம். கந்தளாய் போன்ற பெருங்குளங்கள், தம்பலகாமத்து வயல்களும் குடாவும், கிண்ணியா மூதூர்ப் பக்கத்துக் கண்டல்கள், கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மகாவலி, அதன் வெருகல் கிளை என்று எங்கு திரும்பினாலும் நீரோரம். மகாவலியின் கீழ்ப்படுகையில் ‘வில்லு’ என்ற நிலவகையும் உண்டு. மாரி வெள்ளத்தில் ஏரியாகி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வற்றிப் புல்வெளியாகி, யானைகளுக்கு மேய்ச்சல் தரும் நிலம் அது. ஒரே இடம் சில மாதம் சதுப்பு, சில மாதம் புல்தரை. ஆந்தைச் சிறகின் சத்தத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு நிலங்களின் வேறுபாடே போதும்.

முதலில் சிறகு ஏன் சத்தம் எழுப்புகிறது என்று பார்ப்போம். சிறகின் மேலும் கீழும் ஓடும் காற்று அதன் பின்விளிம்பில் வந்து மறுபடி சேர்கிறது. சிறகை ஒட்டி ஓடிய காற்று ஒழுங்காக வருவதில்லை. சிறு சிறு சுழிகளாகக் கொந்தளித்து வருகிறது. இந்தச் சுழிகள் கூரான விளிம்பைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று மாறுகிறது. காற்றழுத்தம் விரைந்து ஏறி இறங்குவதைத்தான் நாம் ஒலி என்கிறோம். இதோடு இறகும் இறகும் உரசும் சரசரப்பும் சேர்கிறது.

ஆந்தை இதை எப்படி அடக்குகிறது என்பதை ஒழுங்காக எழுதிவைத்தவர் பறவையியல் பேராசிரியர் ஒருவருமல்ல, பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவர். ரொபேட் ரூல் கிரஹாம் என்ற அவர் பறவைச் சிறகுகளை விமானக்காரரின் கண்ணோடு ஆராய்ந்தவர். 1934இல் வானூர்தியியல் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரையில் மூன்று அமைப்புகளை அவர் எடுத்துக்காட்டினார். சிறகின் முன்விளிம்பில், வெளிப்புற இறகில், வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் விறைத்த பற்கள் முதலாவது. இதை முன்விளிம்புச் சீப்பு எனலாம். பின்விளிம்பில் இறகின் ஓரம் கூராக முடியாமல் நூல் நூலாகப் பிரிந்து தொங்குவது இரண்டாவது. இது பின்விளிம்புக் குஞ்சம். இறகுகளின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய பூம்பரப்பு மூன்றாவது. குஞ்சம் இருப்பதால் காற்றுச் சுழிகள் ஒரு கூரான கோட்டைச் சட்டென்று தாண்டவேண்டியதில்லை, படிப்படியாகக் கலைகின்றன. பூம்பரப்பு உரசலை விழுங்குகிறது. சீப்பின் வேலை என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் முழு உடன்பாடு வரவில்லை. சிறகை ஒட்டிய காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது.

கையில் இறகை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லலாம். உண்மையில் சத்தம் குறைகிறதா என்று அளந்து பார்க்கவேண்டும். ஜேர்மனியின் கொட்பஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்னெஸ் சராட்ஜ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கிய பறவைகளை ஒலிவாங்கிகளின் வரிசைக்கு மேலாகப் பறக்கவிட்டுப் பதிந்தார்கள். கூகையும் வல்லூறு வகைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பறந்தபோது, கூகையின் சத்தம் உண்மையிலேயே குறைவாக இருந்தது. அந்தக் குறைவு எல்லாச் சுருதியிலும் ஒரே அளவாக இல்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 அதிர்வுக்கு மேற்பட்ட கீச்சொலிப் பகுதியில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை ஆந்தை பெரிதாகக் குறைத்துவிடவில்லை. இந்த 2,000 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

எலிக்கு நன்றாகக் கேட்பது இந்த மேற்சுருதிகள்தான். ஆகவே எலி தின்னும் ஆந்தைக்கு இந்தப் பகுதியை அடக்கினாலே போதும். ஆனால் கதையில் இன்னொரு காதும் இருக்கிறது. அது ஆந்தையின் சொந்தக் காது.

கூகையின் முகம் இதய வடிவத் தட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகவட்டு ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் அமைப்பு. காதுத் துளைகள் ஒன்று மேலும் மற்றது கீழுமாக இருப்பதால், ஒலி வந்த திசையோடு உயரத்தையும் அது பிரித்தறிகிறது. பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாடலை உலகுக்கு அறிமுகப்படுத்தப்போகும் ரோஜர் பெய்ன், இளவயதில் கூகைகளை வைத்துச் செய்த சோதனை மிக எளிமையானது. முற்றாக இருட்டாக்கிய அறையில் காய்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டார். கூகை பாய்ந்து பிடித்தது. கண் உதவவில்லை, சரி. மோப்பமோ உடற்சூடோ உதவியிருக்கலாமே? இலைகளுக்கிடையே காகித உருண்டை ஒன்றை இழுத்துப் பார்த்தார். அதையும் கூகை பாய்ந்து பிடித்தது. காகிதத்துக்கு எலி வாடையும் இல்லை, சூடும் இல்லை. ஒரு காதைப் பஞ்சால் அடைத்தபோது குறி தவறியது. 1971இல் வெளியான இந்த ஆய்வு, கூகை இருட்டில் காதால் வேட்டையாடுகிறது என்பதை ஐயமில்லாமல் நிறுவியது.

ஆக, புல்வெளியில் இரண்டு காதுகள் போட்டி போடுகின்றன. எலி ஆந்தையைக் கேட்கப் பார்க்கிறது, ஆந்தை எலியைக் கேட்கப் பார்க்கிறது. குட்டைக்காது ஆந்தை என்ற புல்வெளி ஆந்தை இதற்கு நல்ல உதாரணம். வட ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா முதல் ஹவாய், கலாபகோஸ் தீவுகள் வரை வாழும் இனம். மரம் தேடாமல் புல்லுக்குள் தரையிலேயே தங்கி, அந்திவேளையிலும் பகலிலும்கூட நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து, புல்லுக்குள் ஓடும் எலியைக் காதாலும் கண்ணாலும் தேடும். பனிக்காலத்தில் இந்தியாவின் புல்வெளிகளுக்கு, குறிப்பாகக் குஜராத்தின் வேளாவதருக்கு, இது வலசை வருகிறது. இலங்கைக்கு எப்போதாவது வரும் அரிய விருந்தாளி.

இனி நீருக்குப் போவோம். மீனுக்குக் காது இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெளிக்காதுதான் இல்லை. தலைக்குள் உட்காது உண்டு. நீரின் அசைவை உணரும் பக்கக்கோடும் உடலின் இருபுறமும் ஓடுகிறது. கெண்டை, கெளுத்தி வகைகளில் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிற்றெலும்புச் சங்கிலியே இருக்கிறது. நீருக்குள் பிறக்கும் ஒலியை அவை நன்றாகவே கேட்கும். சிக்கல் நீரின் மேற்பரப்பில் இருக்கிறது.

கரம் விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு காய் இன்னொரு காயில் மோதினால் வேகம் அதற்குக் கைமாறும், அடிபட்ட காய் ஓடும். அதே காய் பலகையின் சட்டத்தில் மோதினால் சட்டம் அசையாது, காய்தான் அதே வேகத்தோடு திரும்பி வரும். மோதும் இரண்டும் ஒத்த தன்மையாக இருந்தால் ஆற்றல் கைமாறும். ஒன்று மிக இலேசாகவும் மற்றது மிக அழுத்தமாகவும் இருந்தால் ஆற்றல் திரும்பிவிடும். காற்றில் வரும் ஒலிக்கு நீர்ப்பரப்புத்தான் அந்தச் சட்டம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போனால் நீரில் 1,500 மீற்றர் அளவில் போகிறது. ஓர் ஊடகம் ஒலிக்குக் கொடுக்கும் இந்த எதிர்ப்பை ஒலிமறிப்பு என்பர். காற்றின் மறிப்புக்கும் நீரின் மறிப்புக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு பெரிது என்பதால், மேலிருந்து வந்து நீர்ப்பரப்பில் விழும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது. மீதி அப்படியே மேலே திரும்பிவிடுகிறது.

இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. குளத்தில் குளிக்கும்போது தலையை அமிழ்த்திக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவர் கத்தினால் மங்கலாகத்தான் கேட்கும். அவரே நீருக்குள் இரண்டு கற்களைத் தட்டினால் காதுக்குள்ளேயே தட்டியதாகத் தோன்றும். நம் நன்னீர் மீன்பிடிகாரர்களுக்கு இது தெரியாத சங்கதியல்ல. திலாப்பியாவை வலைக்குள் விரட்ட அவர்கள் கூவுவதில்லை, தடியால் தண்ணீரை அடிக்கிறார்கள்.

மீன் ஆந்தையின் சிறகைக் கையில் எடுத்துப் பார்த்தால் இப்போது வியப்பு இருக்காது. முன்விளிம்புச் சீப்பு இல்லை. இறகுகள் மற்ற ஆந்தைகளினதைப்போல மெத்தென்று இல்லாமல், பருந்தின் இறகுபோல விறைப்பாக இருக்கின்றன. முகவட்டும் மங்கலாகவே தெரிகிறது. மீன் தின்னும் ஆந்தைகளுக்கு அமைதி அமைப்புகள் இல்லை என்பதை 1934இலேயே கிரஹாம் கவனித்திருந்தார். ஆபிரிக்காவின் மீன்பிடி ஆந்தைகளிலும் இதே நிலைதான்.

இங்கே சந்தேகப்படும் வாசகர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். இந்த ஆந்தைகளுக்கு அமைதிச் சிறகு முன்பு இருந்து பிறகு போய்விட்டதா? அல்லது தொடக்கத்திலிருந்தே இல்லையா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விடை வம்சாவளியில் கிடைத்தது. ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் விங்க் குழுவினர் ஆந்தைகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, மீன் ஆந்தைகள் தனிக்குடும்பமாக ஒதுங்கி நிற்கவில்லை, கொம்பன் ஆந்தைகளின் கிளைக்குள்ளேயே வந்து அமர்ந்தன. இலங்கைக் காடுகளில் வாழும் காட்டுக் கொம்பன் ஆந்தை, அதாவது ‘உலமா’ என்ற பேய்ப்பறவைக் கதைகளுக்குக் காரணம் என்று பலர் சந்தேகிக்கும் அதே பறவை, இதற்கு நெருங்கிய உறவு. சுற்றியுள்ள உறவினர் எல்லோருக்கும் சீப்பும் குஞ்சமும் இருக்க, நடுவில் நிற்கும் ஒரு கிளைக்கு மட்டும் இல்லை என்றால், அந்தக் கிளை அதை இழந்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம். நீருக்கு இடம் மாறிய பிறகு பயனற்றுப்போன அமைப்பு தேய்ந்து மறைந்திருக்கிறது.

பயனற்றது என்பதோடு நில்லாமல், பாரமாகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். மெத்தென்ற இறகு நீரை வடியவிடாது. கூகை மழையில் வேட்டைக்குப் போகத் தயங்குவதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. நாளெல்லாம் நீரோரம் புழங்கி, சில வேளை ஆழமில்லாத நீரில் இறங்கி நடந்தும் இரை தேடும் பறவைக்கு அப்படிப்பட்ட உடுப்பு உதவாது. கால்களைப் பாருங்கள், மீன் ஆந்தையின் கீழ்க்கால் வெறுமையாக இருக்கிறது. ரஷ்யாவின் கிழக்கு முனையிலும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் உறைபனியில் மீன்பிடிக்கும் உறவினரான பிளாக்கிஸ்ரன் மீன் ஆந்தைக்குக் கீழ்க்கால் முழுதும் இறகு உண்டு. அங்கே குளிர் நனைவைவிடப் பெரிய எதிரி.

இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. ‘மீனுக்குக் கேட்காது, அதனால் அமைதி தேவையில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மையே வரும். அமெரிக்காவின் கிறிஸ்தோபர் கிளார்க்கும் கூட்டாளிகளும் ஆந்தையின் அமைதியைப் பற்றிய இரண்டு கருதுகோள்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இரையின் காதிலிருந்து தப்பவே அமைதி என்பது ஒன்று. இதைப் பதுங்கல் கருதுகோள் எனலாம். தன் சிறகோசை தன் காதை மறைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அமைதி என்பது மற்றது. இதைத் தற்காதுக் கருதுகோள் எனலாம். மீன் ஆந்தை எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது? இரண்டு பக்கமும்! மீனுக்கு ஆந்தை கேட்காது. ஆந்தைக்கும் நீருக்குள் இருக்கும் மீன் கேட்காது, ஏனென்றால் கரம் சட்டம் இரு பக்கமும் சட்டம்தான். மீன் மேலே வந்து துள்ளினால், வாலடித்தால் கேட்கலாம். மற்றபடி கண்தான் துணை. இரண்டு கருதுகோளும் மீன் ஆந்தையின் சிறகு சத்தமிடும் என்றே முன்னுரைக்கின்றன. அழகான சாட்சி, ஆனால் தீர்ப்புக்கு உதவாத சாட்சி. பகலில் கண்ணால் வேட்டையாடும் ஆந்தைகளுக்கு முன்விளிம்புச் சீப்பு சிறியது என்று ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் காட்டியது. அது தற்காதுக் கருதுகோளுக்குச் சற்றுச் சாதகமாகத் தெரிகிறது. ஆனால் பகலில் இரையும் கண்ணால் ஆந்தையைக் கண்டுவிடும், அங்கே பதுங்கிப் பயனில்லை என்று மற்றத் தரப்பும் வாதிடலாம்.

தவளை வேறு இருக்கிறது. மீன் ஆந்தை மீனோடு தவளை, நண்டு, சில வேளை எலி, பாம்பு, சிறு பறவை எல்லாம் தின்னும். தவளைக்குக் காற்றில் வரும் ஒலி கேட்கும், மாரியில் வயலெல்லாம் அது கத்துவதே இன்னொரு தவளைக்குக் கேட்கத்தானே. அப்படியானால் தவளை ஏன் தப்பவில்லை? இங்கேதான் முன்பு சொன்ன 2,000 உதவுகிறது. பெரும்பாலான தவளைகளின் செவி தாழ்ந்த சுருதிகளுக்கே கூர்மையானது. ஆந்தைச் சீப்பும் குஞ்சமும் அடக்குவது மேற்சுருதிகளை. எலியிடமிருந்து மறைக்கும் அமைப்பு தவளையிடமிருந்து பெரிதாக மறைக்காது. தவளைக்காக அதை வைத்திருந்தாலும் பெரிய இலாபம் கிடைத்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

காதை விட்ட பறவை கண்ணையும் காலையும் நம்புகிறது. பாதத்தின் அடியில் முள் முள்ளான செதில்கள். வழுக்கும் விராலை இறுக்கிப் பிடிக்க அவை போதும். கடற்பருந்துபோல உயரத்திலிருந்து பாய்ந்து அமிழ்வது இதன் வழக்கமல்ல. நீரோரக் கிளையிலோ பாறையிலோ காத்திருந்து, தாழப் பறந்து, மேற்பரப்புக்கு அருகே வந்த மீனைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். ஆழத்தில் உள்ள மீனை ஏன் தேடுவதில்லை? நீரில் ஒளி முறிவதால், நேர் மேலிருந்து பார்த்தால் மீன் தன் உண்மை ஆழத்தின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். சாய்ந்து பார்த்தால் பிழை இன்னும் கூடும். கடற்கரைக் கொக்கு இனம் ஒன்று இந்தப் பிழையைக் கணித்துத் திருத்திக் குத்துகிறது என்பதை இஸ்ரேலின் காடி கட்சிர் 1987இல் காட்டினார். மேற்பரப்பில் பிடிப்பவருக்கு அந்தக் கணக்குச் சிறியது, ஆழம் குறையக் குறையப் பிழையும் குறையும். தாழப் பறப்பதிலும் இலாபம் உண்டு. மீனுக்கு மேலுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித்தான் தெரியும். தாழ வருவது அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடும்.

இவற்றைக் கேட்டும் பார்த்தும் அறியச் சிறந்த காலம் குளங்கள் வற்றும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள். நீர் சுருங்கிய மடுக்களில் மீன் நெருங்கிக் கிடக்கும், ஆந்தையும் அங்கேயே வந்து நிற்கும். இருட்டுமுன், இரண்டு பறவைகள் மாறி மாறித் தாழ்ந்த குரலில் ‘பூம்... ஊம்’ என்று கூப்பிடுவதை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்கலாம். பகலில் காகங்களும் கரிச்சான்களும் ஒரே மரத்தைச் சுற்றிக் கூச்சலிட்டால் அதுவும் அடையாளம். மரத்தடியில் நண்டோட்டுத் துண்டுகள், மீன் முள், செதில், தவளை எலும்பு கிடக்கும். ஆந்தை செரிக்க முடியாததை உருண்டையாக உமிழ்ந்துவிடுவது வழக்கம். இந்த உமிழுருண்டைகளைப் பிரித்துப் பார்த்துத்தான் ஆந்தைகளின் சாப்பாட்டுப் பட்டியலை ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எலி மயிர் நிறைந்த உருண்டை கிடைத்தால் அது அநேகமாக வேறோர் ஆந்தையின் மரம். மீன் ஆந்தையின் மரத்தடியில் முதலில் கண்ணில் படுவது நண்டின் ஓடுதான்.